விரக்திக்கு ஒரு சீட்டு

பிப்ரவரி 3

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும், உங்கள் புதுச் சைக்கிளைப் பற்றி இரண்டு பக்கமும் எழுதியிருந்தீர்கள்.

ஓர் உதவி வேண்டும். அகராதி அலுவலகத்தில் நான் சேர்ந்து பத்து மாதம் ஆகிறது. இன்னும் இரண்டு மாதத்தில் என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்வார்கள். "என் மருமக புதுசு புதுசா வார்த்தை கண்டுபிடிக்கிறா" என்று நீங்கள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதாக அத்தை எழுதியிருந்தார். அப்படி இல்லை மாமா. ஜனங்கள் ஏற்கெனவே பேசுகிற வார்த்தைகளைத்தான் சீட்டில் எழுதி வைக்கிறோம். ஒரு சீட்டில் ஒரு வாக்கியம். அதன் கீழே நான்கு விவரம்: சொன்னது யார், எந்த இடத்தில், எப்போது, காதால் கேட்டது யார். எழுதிய சீட்டுகளைச் செருப்புப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருக்கிறோம். உள்ளே நுழைகிறவர்கள் செருப்புக் கடை என்று நினைத்துத் திரும்பிப் போவதும் உண்டு.

இப்போது என் மேசைக்கு வந்திருக்கும் வார்த்தை 'விரக்தி'. புத்தகங்களில் கொட்டிக் கிடக்கிறது. பக்கத்துக்கு இரண்டு பேர் விரக்தியாகச் சிரிக்கிறார்கள். ஆனால் வாயால் சொல்லிக் கேட்ட வாக்கியம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பேருந்தில், சந்தையில், மருத்துவமனை வரிசையில் எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு நின்று பார்த்துவிட்டேன். "வெறுத்துப்போச்சு" என்கிறார்கள், "விட்டுத் தள்ளு" என்கிறார்கள். இந்த வார்த்தை மட்டும் வரமாட்டேன் என்கிறது. எங்கள் தலைமை ஆசிரியர் அம்மாவுக்கு அலுவலகத்தில் 'கத்தரிக்கோல்' என்று பெயர். பேச்சில் வந்த வாக்கியம் ஒன்றாவது இல்லாமல் எந்த வார்த்தையையும் அச்சுக்கு விடமாட்டார்.

உங்களுக்குத்தான் ஆயிரம் பேரைத் தெரியுமே. யாராவது சொல்லிக் கேட்டிருந்தால் எழுதுங்கள்.

நான் குடியிருக்கும் அறையில் பழைய இரும்புக் கட்டில் ஒன்று போட்டிருக்கிறார்கள். தலைமாட்டில் வரிசையாகக் குமிழ்கள். பார்த்ததும் உங்கள் ஞாபகம். எனக்கு அப்போது நாலு வயது இருக்குமா? நீங்கள் கட்டிலில் படுத்தபடி, "எத்தனாவது மாடி போகணும், வாலு?" என்று கேட்பீர்கள். நான் ஒரு குமிழை அமுக்குவேன். "ஆறாவது மாடி, பொம்மைக் கடை, இறங்குறவங்க இறங்கலாம்" என்பீர்கள். மூன்றாவது குமிழை அமுக்கினால் மட்டும், "அந்த மாடி ரிப்பேர், வேற சொல்லு" என்று சிரிக்க வைப்பீர்கள். எனக்காகவே வேலையை விட்டுவிட்டு ஏழு மாதம் வீட்டில் இருந்தீர்களே. அதைவிட நல்ல காலம் எனக்கு இன்னும் வரவில்லை.

உங்கள்
வாலு


பிப்ரவரி 10

அருமை மருமகள் வாலுக்கு, மாமன் எழுதுவது.

கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். பெரிய பெரிய படிப்பெல்லாம் படித்தவர்கள் கட்டடம் கட்டி, நாற்காலி போட்டு, அகராதி எழுத உட்கார்ந்து, கடைசியில் யார் வாசலுக்கு வர வேண்டியிருக்கிறது பார்த்தாயா? எட்டாவதோடு நின்றவன் வாசலுக்கு! ஒன்பதாவது வகுப்பு வாத்தியார் அன்றைக்கே, "இவனுக்குச் சொல்லிக்கொடுக்க என்கிட்ட ஒண்ணும் இல்லை" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். உன் அத்தை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "கும்பிட்டது நிஜந்தான், எதுக்குன்னுதான் மாத்திச் சொல்றீங்க" என்கிறாள். அவளுக்கு வலி முழங்காலில்தான், வாயில் இல்லை. நலமாக இருக்கிறாள்.

நான் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த காலத்தில் என்னோடு மேலும் கீழும் போய் வராத பெரிய மனுஷன் கிடையாது. லிஃப்டுக்குள் வந்துவிட்டால் மனுஷன் மனசைத் திறந்துவிடுவான். கதவு மூடியிருக்கிறதல்லவா, அந்தத் தைரியம். எழுதிக்கொள்:

கப்பல் கேப்டன் ஒருவர், ஆறரை அடி உயரம், என் தோளில் கைபோட்டுச் சொன்னது: "கேட்டுக்கப்பா, கரை தெரியலைன்னா பயம். கரை தெரிஞ்சும் இறங்க முடியலைன்னாதான் விரக்தி."

குத்துச்சண்டைக்காரர் ஒருவர், மூக்கே இல்லாதவர்: "கேட்டுக்கப்பா, அடி வாங்கினவனுக்கு வலி. அடிக்கக்கூட ஆள் வராதவனுக்குத்தான் விரக்தி."

பணக்கார விதவை அம்மாள், விரலுக்கு இரண்டு மோதிரம்: "கேட்டுக்கப்பா, வீட்டுல மூணு கார் நிக்குது. போறதுக்கு ஒரு இடம் இல்லை. இதுக்குப் பேருதான் விரக்தி."

வித்தைக்காரர் ஒருவர், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு: "கேட்டுக்கப்பா, தொப்பியிலேர்ந்து புறா வரலைன்னா அவமானம். தொப்பியே நம்மளைப் பார்த்துச் சிரிச்சா விரக்தி."

போதுமா? இன்னும் நாற்பது இருக்கிறது. உன் பெட்டி தாங்காது என்று நிறுத்திக்கொள்கிறேன்.

கட்டில் விஷயம் எழுதியிருந்தாய். ஆமாம், உனக்காகத்தான். மேலாளர் என் காலைப் பிடித்துக்கொண்டு, "நீ போனா லிஃப்டெல்லாம் அநாதைப்பா" என்று அழுதார். "என் அக்கா மகளைவிட லிஃப்ட் பெருசா?" என்று சாவியை அவர் மேசையில் வீசிவிட்டு வந்தேன். அந்தச் சத்தம் அடுத்த தெருவில் கேட்டதாம்.

அன்பு மாமன்


பிப்ரவரி 19

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் நூறு வருஷம் இருக்க வேண்டும். நான்கு வாக்கியமும் அருமை. விதவை அம்மாள் சொன்னதைப் படித்துவிட்டு எதிர் மேசை அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒரே ஒரு சிக்கல். இன்னொருவர் கேட்டதாக இருந்தால் அவருக்குத் தனிப் படிவம் அனுப்பி, கையெழுத்து வாங்கி ஒட்ட வேண்டும். தபால் போகவர இரண்டு வாரம் ஆகிவிடும். மாதக் கடைசிக்குள் வார்த்தையை முடிக்க வேண்டும். அதனால் நான்கு சீட்டிலும் 'காதால் கேட்டது' என்ற இடத்தில் என் கையெழுத்தையே போட்டுவிட்டேன். உங்கள் காது கேட்டால் என் காது கேட்ட மாதிரிதானே.

வாலு


பிப்ரவரி 26

வாலு,

கையெழுத்துதானே, அதற்கு இவ்வளவு யோசனையா! தாராளமாகப் போடு.

டீக்கடையில் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அகராதி வந்ததும் கடைக்கு ஒன்று, சைக்கிள் கடைக்கு ஒன்று, முடிவெட்டுபவருக்கு ஒன்று என்று மொத்தம் முப்பது வேண்டும். என் போட்டோவை எந்தப் பக்கத்தில் போடுவார்கள்? இடது பக்கமாகத் திரும்பி நின்றால் நான் கொஞ்சம் நன்றாக இருப்பேன். 'வி' எழுத்துக்கு எதிர்ப்பக்கம் என்றால் சௌகரியம். உன் அத்தை, "அகராதியில படம் போடறது மிருகங்களுக்குத்தான்" என்கிறாள். பொறாமை.

மாமன்


மார்ச் 7

மாமா,

இன்று கத்தரிக்கோல் அம்மா என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் நம் நான்கு சீட்டும் வரிசையாக இருந்தன. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார். கண்ணாடியைக் கழற்றினால் ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும்.

"இவங்க நாலு பேரும் யாரும்மா?"

"ஒருத்தர் கேப்டன், ஒருத்தர் குத்துச்சண்டை..."

"கேப்டனும் 'கேட்டுக்கப்பா'ன்னு ஆரம்பிக்கிறார். குத்துச்சண்டைக்காரரும் 'கேட்டுக்கப்பா'. மூணு கார் வெச்சிருக்கிற அம்மாவும் 'கேட்டுக்கப்பா'. நாலு பேருக்கும் ஒரே வாயா? அதுவும் உன்னைப் பார்த்து 'அப்பா'ன்னு வேற சொல்லியிருக்காங்க."

உண்மையைச் சொன்னேன். என் மாமா எழுதி அனுப்பினார், நான் கேட்டதாகக் கையெழுத்துப் போட்டேன் என்று.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. "பதினோரு மாசத்துல நீ முந்நூத்தி நாப்பது சீட்டு குடுத்திருக்கே. எல்லாத்துலயும் உன் கையெழுத்து இருக்கு. இப்ப நான் எதை நம்பட்டும்?" என்று மட்டும் கேட்டார். ஏப்ரல் இருபதாம் தேதிவரை நேரம் கொடுத்திருக்கிறார். விரக்தி என்ற சொல்லை உண்மையாக ஒருவர் சொல்லி, உண்மையாக ஒருவர் கேட்ட சீட்டு ஒன்றாவது கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் என் சீட்டுகள் அத்தனையும் குப்பைக்கு. நானும்தான்.

மாமா, அந்த நான்கு பேரில் யாராவது ஒருவர் நிஜமா?

வாலு


மார்ச் 13

அருமை வாலுக்கு,

பயப்படாதே. இந்த மாதிரி எத்தனை அதிகாரிகளை நான் பார்த்திருக்கிறேன். நானே நேரில் வருகிறேன். இரண்டு நாள் ரயில்தானே. வந்து அந்த அம்மாவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன் என்றால் அரை மணி நேரத்தில் கண்ணாடியை மாட்டிக்கொள்வார். கேப்டன் இப்போது வெளிநாட்டில் இருக்கிறார் என்று சொல்லிவிடு. குத்துச்சண்டைக்காரர் காலமாகிவிட்டார் என்றும் சொல்லலாம், செத்தவரைத் தேடிப்போய் யார் கேட்பார்கள்? பேச்சு ஒரே மாதிரி இருக்கிறது என்கிறாரா? பெரிய மனுஷர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் பேசுவார்கள் என்று சொல்.

இல்லையென்றால் புதிதாக நாலு எழுதி அனுப்பட்டுமா? இந்தத் தடவை ஒவ்வொருவரையும் ஒவ்வொரு மாதிரி ஆரம்பிக்க வைக்கிறேன்.

மாமன்


மார்ச் 19

மாமா,

வரவேண்டாம். புதிதாக எதுவும் எழுதவும் வேண்டாம்.

நான் கேட்டது ஒரே கேள்வி. நீங்கள் அதற்குப் பதில் எழுதாததே பதில் என்று எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள்மேல் கோபம் இருக்கிறது, இல்லாமல் இல்லை. ஆனால் பார்க்காததைப் பார்த்த மாதிரி, கேட்காததைக் கேட்ட மாதிரி கையெழுத்துப் போட்டது நான்தான். அதை யார் தலையிலும் கட்ட முடியாது. வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். ஒரு மனுஷி என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் பாருங்கள், அது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

மருமகள்


மார்ச் 25

வாலுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு முறை ஆரம்பித்தேன். மூன்று முறை இரண்டாவது வரியிலேயே ஒரு மந்திரி வந்து லிஃப்டில் ஏறிவிட்டார். கிழித்துப் போட்டேன். இது நாலாவது.

கேப்டன் இல்லை. குத்துச்சண்டைக்காரர் இல்லை. விதவை அம்மாள் இல்லை. வித்தைக்காரர் ஒருவரைச் சின்ன வயதில் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன், பேசினதில்லை.

உனக்குத் தெரியாது என்று எழுதியிருந்தாய். தெரியும்.

நான் வேலை பார்த்தது ஏழு மாடிக் கட்டடம். துணிக்கடை, டாக்டர் அறை, தையல் கூடம் எல்லாம் இருந்தது. மொட்டை மாடியில் மோட்டார் அறை. அதற்குள் ஓர் அட்டை தொங்கும். பிரேக், கம்பி வடம், ஒவ்வொரு மாடியின் கதவுப் பூட்டு என்று பன்னிரண்டு வரி. வாரம் ஒரு முறை ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்த்து, டிக் போட்டு, கடைசியில் கையெழுத்துப் போட வேண்டும். அன்றைக்கு நல்ல மழை. நான் அட்டையைக் கழற்றிக்கொண்டு கீழே டீக்கடைக்கு வந்து, டீ ஆறுவதற்குள் பன்னிரண்டு டிக்கும் போட்டுக் கையெழுத்தும் போட்டேன். சேர்ந்து குடித்தவனிடம், "நம்ம லிஃப்ட் நம்மளைக் கேக்காம நிக்காதுடா" என்று பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

மறுநாள் மூன்றாவது மாடியில், லிஃப்ட் வராமலே கதவு திறந்துகொண்டது. ஒரு தையல்காரர், துணி மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, பேசியபடியே காலை வைத்துவிட்டார். லிஃப்ட் ஒரு மாடி கீழே நின்றிருந்தது. அதன் கூரைமேல் விழுந்தார். மூட்டை அடியில் இருந்ததால் உயிர் பிழைத்தது. இடுப்பு உடைந்துபோனது.

மேலாளர் என் காலைப் பிடிக்கவில்லை. அட்டையை என் முன்னால் வைத்து, "பன்னெண்டு டிக்கும் ஒரே அளவு, ஒரே சாய்வு. பார்த்துப் போட்ட டிக்கு ஒண்ணு நீளும், ஒண்ணு குறுகும்" என்றார். உங்கள் கத்தரிக்கோல் அம்மா சொன்னதைப் படித்தபோது அந்த அட்டைதான் கண்முன்னே வந்தது. சாவியை நான் வீசவில்லை. அவர்தான் கையை நீட்டினார். நான் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரி வாசல்வரை போனேன். உள்ளே போகவில்லை. நேராக உங்கள் வீட்டுக்கு வந்து அந்தக் கட்டிலில் படுத்தேன். உன் அப்பா லாரியோடு மாதத்தில் இருபது நாள் வெளியே. உன் அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அதே ஆஸ்பத்திரி. அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆனால் தினம் சாயங்காலம் வந்ததும், கையைத் துடைத்துக்கொண்டே, யாரிடமோ சொல்கிற மாதிரி ஒரு வரி சொல்வாள். "இன்னைக்கு அவரை உட்கார வெச்சாங்க." இன்னொரு நாள், "இன்னைக்கு நர்ஸைத் திட்டினாராம், தேறிடுவாரு." அவ்வளவுதான். அடுப்படிக்குப் போய்விடுவாள்.

ஆறு மாதம் ஆகியிருக்கும். வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து இறங்கிவந்து குழாயடியில் உன் அம்மாவைப் பிடித்துக்கொண்டார். என் கட்டில் ஜன்னல் ஓரம். அவருக்குத் தொண்டை பெரிது.

"ஏம்மா, உன் தம்பி கட்டிலை விட்டு இறங்கவே மாட்டானா? கை கால் நல்லாத்தானே இருக்கு. இப்படி ஒரு சோம்பேறிய நான் பார்த்ததே இல்லை."

உன் அம்மா வாளியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"சோம்பேறி இல்லைங்க. அவனுக்கு விரக்தி. சோம்பேறின்னா சாப்பாட்டுக்காவது எழுந்திரிப்பான்ல?"

"அதுக்கு என்ன மருந்தாம்?"

"தெரியலைங்க. பக்கத்துல குழந்தைய விட்டிருக்கேன்."

நான் உனக்காக வீட்டில் இருக்கவில்லை, வாலு. எனக்காகத்தான் உன்னை அங்கே விட்டிருந்தாள். மூன்றாவது மாடியை நான் ஏன் தாண்டிப் போனேன் என்று இனி எழுத வேண்டியதில்லை.

ஒன்று சொல்கிறேன், எட்டாவது படித்தவன் சொல்வதை எடுத்துக்கொண்டாலும் சரி, விட்டாலும் சரி. அந்த ஏழு மாதத்தில் அந்த வார்த்தை என் வாயில் வந்ததே இல்லை. உள்ளே கிடக்கிறவனுக்கு அதன் பேர் தெரியாது. பக்கத்தில் நின்று பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும். நீ அந்த வார்த்தையை விரக்தி வந்தவர்களிடமே தேடியிருப்பாய். அவர்களுக்கு அன்னம் தண்ணியே தெரியாது, வார்த்தை எங்கே தெரியப்போகிறது?

சீட்டு எழுதிக்கொள். சொன்னது: என் அக்கா, சலவைக்கூடத் தொழிலாளி. இடம்: வாடகை வீட்டுக் குழாயடி. எப்போது: நீ நாலு வயசு முடிந்து பால்பல் ஆட ஆரம்பிக்காத காலம், காலை நேரம். கேட்டது: நான். படிவத்தை அனுப்பு, பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன்.

இது எதுவும் உன் அத்தைக்குத் தெரியாது. கடிதத்தை நானே போய்த் தபால் பெட்டியில் போடுகிறேன்.

மாமா


ஏப்ரல் 16

அன்புள்ள மாமாவுக்கு,

கையெழுத்திட்ட படிவம் வந்துசேர்ந்தது. அதற்கு முன்பே கடிதம் வந்துவிட்டது. இரண்டு நாள் அதைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு அலைந்தேன்.

முதலில் கோபம்தான் வந்தது. என்னிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்ட மாதிரி. என்னைச் சிரிக்க வைத்த காலம் என்று இத்தனை வருஷம் பொத்தி வைத்திருந்தது, நீங்கள் அப்படிக் கிடந்த காலமா? உங்கள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து குதித்திருக்கிறேன். கொஞ்சமாவது வலித்த மாதிரி முகம் காட்டியிருக்கலாம். பிறகு யோசித்தேன். ஆறாவது மாடியில் பொம்மைக் கடை இருந்தது. நான் பார்த்தேன். அதை இனி யாராலும் இல்லை என்று சொல்ல முடியாது, உங்களாலும்கூட.

அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. சாகிறவரைக்கும் இதில் ஒரு வார்த்தை என்னிடம் சொன்னதில்லை. ஆனால் "எழுந்திரிப்பான்ல" என்று நீங்கள் எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்தேன். அறையில் அம்மா குரல் கேட்டது. எதையும் முடிவாகச் சொல்லாமல் எதிராளியிடமே கேட்டு முடிப்பாளே, அதேதான்.

சீட்டைக் கத்தரிக்கோல் அம்மாவிடம் கொடுத்தேன். படித்தார். திரும்பவும் படித்தார். "இது ஒருத்தர் சொன்னது" என்றார். பிறகு பழைய நான்கு சீட்டையும் என் கையில் கொடுத்து, என்னையே வெட்டிப்போடச் சொன்னார். கேப்டனை வெட்டும்போது கொஞ்சம் வருத்தமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. நிரந்தரமும் செய்யவில்லை. இன்னும் ஆறு மாதம். முந்நூற்று நாற்பது சீட்டுக்கும் சொன்னவர்களைத் தேடிப்போய் மறுபடி கேட்டு வரவேண்டும். சந்தையில் பாதிப் பேர் என்னைப் பார்த்தாலே ஓடுகிறார்கள்.

'விரக்தி'க்கு முதலில் நான் 'நம்பிக்கையற்ற நிலை' என்று ஒரே வரியில் பொருள் எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு அவரே எழுதினார்: 'இனி எதுவும் மாறப்போவதில்லை என்று தோன்றி, தனக்கு வேண்டியதைக்கூடச் செய்ய மனம் எழாத நிலை, பார்ப்பவருக்குச் சோம்பலாகத் தோன்றலாம்.' கீழே அம்மாவின் வாக்கியம். பெயர் இல்லாமல்தான் வரும். நமக்குத் தெரியுமே.

வெளியே வரும்போது கூப்பிட்டு நிறுத்தினார். "அப்புறம் அந்த ஆள் எப்படி எழுந்தாரு?" என்று கேட்டார். அகராதிக்கு அது தேவையில்லை. எனக்கும் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

கேட்கிறேன், மாமா.

வாலு


ஏப்ரல் 23

அருமை வாலுக்கு,

முதலில் ஒரு செய்தி. உன் கடிதத்தை உன் அத்தை பிரித்துப் படித்துவிட்டாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினேன். "எங்க போறீங்க? உங்க அக்கா கல்யாணத்துக்கு முன்னாடியே எல்லாம் சொல்லிட்டாங்க" என்கிறாள். இருபது வருஷம்! இருபது வருஷமாக நான் சாவியை வீசிய கதையைச் சொல்லும்போதெல்லாம் இவள் வாயை மூடிக்கொண்டு காய் நறுக்கியிருக்கிறாள். ஒரு தடவை, "சத்தம் அடுத்த தெருவுல கேட்டுச்சுன்னு போன தடவை சொன்னீங்களே, அதை விட்டுட்டீங்க" என்று எடுத்துக்கூடக் கொடுத்தாள். பெண்களை நம்பவே கூடாது.

இனி அந்த அம்மாவின் கேள்வி. எப்படி எழுந்தேன்?

தையல்காரர் நடந்த அன்றே நானும் எழுந்தேன் என்று எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும். கை துடிக்கிறது. ஆனால் அவர் ஊன்றுகோலோடு வீட்டுக்குப் போன பிறகும் நான் படுத்தேதான் கிடந்தேன். நான் அவரைப் பார்க்கப் போனதெல்லாம் அதற்கும் ஒரு வருஷம் கழித்து. அவர் மன்னித்தாரா என்றால், கதவைத் திறந்து, "உட்காரு" என்றார். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

எழுந்தது இப்படித்தான். ஒரு சாயங்காலம் உன் அம்மா வேலையிலிருந்து வந்து விளக்கைப் போட்டாள். பட்டென்று பல்பு போய்விட்டது. வீட்டில் மாற்றுப் பல்பு இல்லை. நீ இடுப்பில் இருந்தாய், லேசாகக் காய்ச்சல். "தம்பி, பல்பு போயிடுச்சு" என்று சொல்லிவிட்டுச் சில்லறையைக் கட்டில் விளிம்பில் வைத்தாள். போ என்று சொல்லவில்லை. ஏழு மாதமாக எத்தனையோ சொல்லியிருக்கிறாள், நான் அசையவில்லை. அன்றைக்கு ஏன் காலைக் கீழே வைத்தேன் என்று கேட்காதே. எத்தனை யோசித்தும் தெரியவில்லை.

தெருமுனைக் கடைக்குப் போனேன். கால் இரண்டும் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. எது வேணும் என்று கேட்டான். குரல் வரவில்லை. எதையோ கை காட்டி வாங்கி வந்தேன். மாட்டினால் மாட்டவில்லை. நம் வீட்டு ஹோல்டர் திருகி மாட்டுகிற ரகம், நான் வாங்கியது பக்கத்தில் இரண்டு காது வைத்த பல்பு. மின்சாரத்திலேயே பிழைத்தவன், பல்பு தப்பாக வாங்கி வந்திருக்கிறேன்! வெட்கமாகிவிட்டது. ஏழு மாதத்தில் எனக்கு முதலில் திரும்பி வந்தது பசி இல்லை, தூக்கம் இல்லை, வெட்கம்.

திரும்பப் போனேன். கடைக்காரன் பல்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாம் விவரம் தெரிஞ்ச ஆளா அனுப்பச் சொல்லுப்பா" என்றான்.

அவ்வளவுதான். எங்கிருந்துதான் குரல் வந்ததோ! "யாரைப் பார்த்து விவரம் தெரியாதவன்னு சொல்றே? ஒரு சர்க்கஸ் கூடாரத்துக்கு ஒத்தை ஆளா நின்னு நாலாயிரம் பல்பு மாட்டினவன்யா நான்! பொழுது சாயறதுக்குள்ள மாட்டி முடிச்சேன், யானையெல்லாம் வரிசையா நின்னு பார்த்துச்சு!" என்று ஆரம்பித்தேன். எண்ணெய் வாங்க வந்தவர் நின்றார். சோப்பு வாங்க வந்த இரண்டு பேர் நின்றார்கள். "யானைக்கு பயமா இல்லையா?" என்று ஒருவர் கேட்டார். அதற்கும் பதில் வைத்திருந்தேன். சர்க்கஸ் வாசலைக்கூட நான் பார்த்ததில்லை, வாலு. அதுதான் என் வாழ்க்கையில் முதல் சர்க்கஸ்.

வீட்டில் இருட்டு. ஆளைக் காணோமே என்று உன் அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு தேடி வந்திருக்கிறாள். எப்போதிருந்து பின்னால் நின்றாளோ தெரியாது. திரும்பினால் நிற்கிறாள்.

கடைக்காரன் அவளைக் கேட்டான், "ஏம்மா, உங்க தம்பி சொல்றதெல்லாம் நிஜமா?"

உன் அம்மா பொய்யே சொல்லமாட்டாள் என்று உனக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"யானையப் பத்தி என்கிட்ட இதுவரைக்கும் சொல்லலைங்க" என்றாள்.

வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே வந்தேன். நிறுத்தத் தெரியவில்லை. வீட்டுக்குள் வந்ததும் நாற்காலியை விளக்குக்குக் கீழே இழுத்துப் போட்டாள்.

"எத்தனை பல்புன்னு சொன்னே?"

"நாலாயிரம்."

"சரி. இந்த ஒண்ணை மாட்டு."

அன்பு மாமன்